துளை வட்டமும் அதன் கணக்கும்

ஒரு மோட்டார் வண்டியின் சில்லு ஒரு தொழிற்சாலையிலே வார்க்கப்படுகின்றது. அச் சில்லைத் தாங்கிச் சுழலும் குடம் வேறொரு தேசத்திலே, வேறொரு தொழிற்சாலையிலே கடையப்படுகின்றது. சில்லைச் செய்தவரும் குடத்தைச் செய்தவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஒருவர் மொழியை மற்றவர் அறியார். ஆயினும் பல ஆண்டுகள் கழிந்தபின், ஒரு சிற்றூரின் கராச்சிலே பழைய சில்லைக் கழற்றிப் புதியதொன்றை மாட்டும்போது, குடத்தில் நிற்கும் ஐந்து ஆணிகளும் சில்லின் ஐந்து துளைகளுள் ஒருங்கே நுழைகின்றன. இது தற்செயலன்று. அவ்விருவருக்குமிடையே ஓர் உடன்படிக்கை உண்டு. அவ்வுடன்படிக்கை ஒரே ஓர் எண்ணில் அடங்கியிருக்கின்றது. அந்த எண்ணே துளை வட்டத்தின் விட்டம்.

துளை வட்டம் என்பது கண்ணுக்குத் தெரியும் வட்டமன்று. சில்லிலோ, குழாய்களை இணைக்கும் பிளாஞ்சிலோ, நீர்ப்பம்பியின் மூடியிலோ போல்ட்டுகள் செல்லும் துளைகள் சுற்றிவர அமைந்திருக்கும். அத் துளைகளின் நடுப்புள்ளிகள் யாவற்றையும் தொட்டுச் செல்லுமாறு ஒரு வட்டத்தைக் கற்பனை செய்தால், அதுவே துளை வட்டம். ஒரு துளை அமைப்பை முற்றாகச் சொல்வதற்குத் துளைகள் எத்தனை, வட்டத்தின் விட்டம் யாது, ஒவ்வொரு துளையின் அளவு யாது, முதலாவது துளை எத்திசையில் நிற்கின்றது என்னும் நான்கு செய்திகள் போதும். இவற்றுள் முதலாவதைக் குழந்தையும் எண்ணிச் சொல்லும். இரண்டாவதைச் சொல்வதிலேதான் தேர்ந்த தொழிலாளரும் சில வேளைகளில் ஏமாறுகின்றனர்.

துளைகளை வட்டமாக அமைப்பதன் காரணம் எளிது. சுழலும் பொருளுக்கும், அழுத்தத்தைத் தாங்கும் மூடிக்கும், எல்லாப் பக்கமும் ஒரே பக்கமே. போல்ட்டுகள் மையத்திலிருந்து சம தூரத்திலும் ஒன்றிலிருந்து ஒன்று சம இடைவெளியிலும் நின்றால், சுமை எல்லாவற்றுக்கும் ஒப்பப் பகிரப்படும். சில்லைப் பொறுத்தவரை இன்னுமோர் உண்மையையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். வண்டியின் பாரத்தை ஆணிகளின் தண்டு நேரே தாங்குகின்றது என்பது பலரின் எண்ணம். உண்மையில், நட்டை இறுக்கும்போது ஆணி இழுபட்டு, சில்லைக் குடத்தோடு நெருக்கிப் பிடிக்கின்றது. அந்த நெருக்கத்தினால் உண்டாகும் உராய்வே சில்லை நழுவாமல் வைத்திருக்கின்றது. 12 மில்லிமீற்றர் ஆணியொன்றின் நட்டை 100 நியூற்றன் மீற்றர் அளவுக்கு இறுக்கினால், வழமையான உராய்வு நிலையில் அவ்வாணி ஏறக்குறைய 40,000 நியூற்றன் விசையுடன், அதாவது நான்கு தொன் எடைக்கு ஒப்பான விசையுடன், சில்லைப் பற்றிப் பிடிக்கும். இப் பிடி உள்ளவரை ஆணி வளைய நேராது. பிடி குறைந்தால் ஆணி வளைந்து வளைந்து களைத்து ஒருநாள் முறியும்.

துளை வட்டத்தை அளப்பதில் உள்ள இடர், அளக்க வேண்டிய பொருள் அங்கே இல்லாமையே. வட்டம் வரையப்பட்டிருக்கவில்லை. அதன் மையத்திலே பெரும்பாலும் ஒரு பெரிய துவாரம் இருக்கின்றது. துளையின் நடுப்புள்ளியும் வெற்றிடமே. வெற்றிடத்தில் அளவுகோலின் முனையை வைக்க முடியாது. எனவே தொடக்கூடிய விளிம்புகளை அளந்து, தொட முடியாத மையங்களைக் கணக்கினாற் பெற வேண்டியதாகின்றது.

துளைகளின் தொகை இரட்டை எண்ணாயின் வேலை இலகுவாகும். நான்கு, ஆறு, எட்டு ஆகிய எண்ணிக்கைகளில் ஒவ்வொரு துளைக்கும் நேரெதிரே மற்றொரு துளை நிற்கும். அவ்விரண்டின் மையங்களுக்கிடையேயுள்ள தூரமே விட்டம். மையத்தைத் தொடாமலே இதனைப் பெற ஒரு வழி உண்டு. எதிரெதிரான இரு துளைகளின் உள் விளிம்புகளுக்கு இடையேயுள்ள தூரத்தை வேணியர் இடுக்கியால் அளக்க வேண்டும். பின்னர் அவற்றின் வெளி விளிம்புகளுக்கு இடையேயுள்ள தூரத்தையும் அளக்க வேண்டும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் மையத்துக்கு மையம் உள்ள தூரம் கிடைக்கும். உள் அளவு 89.6 மில்லிமீற்றரும் வெளி அளவு 113.6 மில்லிமீற்றரும் ஆனால், கூட்டுத்தொகை 203.2, அதிற் பாதி 101.6. துளையின் அளவை அறியாமலே விட்டம் கிடைத்துவிட்டது. துளையின் அளவு முன்னரே தெரிந்திருந்தால், வெளி அளவிலிருந்து ஒரு துளையின் விட்டத்தைக் கழித்தாலும் போதும்.

துளைகள் மூன்று அல்லது ஐந்து ஆகும்போதுதான் சிக்கல் எழுகின்றது. ஐந்து துளைகளுள் எந்தத் துளைக்கும் நேரெதிரே துளை இல்லை. இரு துளைகளுக்கு நடுவேயுள்ள வெறும் இடமே எதிரே நிற்கின்றது. ஆகவே விட்டத்தை நேரே அளத்தல் இயலாது. அளக்கக்கூடியது ஒரு துளையின் மையத்திலிருந்து இன்னொரு துளையின் மையம் வரையுள்ள நேர்கோடு மட்டுமே. கேத்திர கணிதத்திலே இதனை நாண் என்பர். நாணிலிருந்து விட்டத்தை அடையும் வழி, பள்ளிக்கூடத்திற் படித்த முக்கோணத்திலேயே இருக்கின்றது.

வட்டத்தின் மையத்திலிருந்து அடுத்தடுத்த இரு துளைகளுக்கு இரு கோடுகள் வரைவதாகக் கொள்ளலாம். இரண்டும் ஆரைகள், ஆதலால் சமமானவை. ஐந்து துளைகள் 360 பாகையை ஐந்தாகப் பங்கிடுவதால், அவ்விரு ஆரைகளுக்கும் இடையே 72 பாகை இருக்கும. இரு சமபக்க முக்கோணமாகிய இதனை நடுவே பிளந்தால், 36 பாகைக் கோணமுடைய இரு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும். அவற்றில் ஒன்றின் சாய்ந்த பக்கம் ஆரை. 36 பாகைக்கு எதிர்ப்பக்கம் நாணிற் பாதி. ஆகவே நாணிற் பாதி என்பது ஆரையை 36 பாகையின் சைனால் பெருக்கிய தொகை. இரண்டையும் இரட்டித்தால், நாண் என்பது விட்டத்தை 36 பாகையின் சைனால் பெருக்கிய தொகையாகும். பொதுவாகச் சொன்னால், 180 பாகையைத் துளைகளின் தொகையால் வகுத்து, அக் கோணத்தின் சைனால் நாணை வகுத்தால் விட்டம் பெறப்படும். கணக்கு இவ்வளவே.

வேலைத் தலத்திலே ஒவ்வொரு முறையும் அட்டவணையைப் புரட்டாமல் இருப்பதற்கு, அடுத்தடுத்த துளைகளின் மையத் தூரத்தை எதனாற் பெருக்கினால் விட்டம் வரும் என்பதைக் குறித்து வைத்தல் நன்று. மூன்று துளைகளுக்கு 1.1547, நான்கு துளைகளுக்கு 1.4142; ஐந்து துளைகளுக்கு 1.7013, ஆறு துளைகளுக்குச் சரியாக 2, எட்டுத் துளைகளுக்கு 2.6131. ஆறு துளைகளின் பெருக்கெண் மாத்திரம் முழு எண்ணாக அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. வட்டத்தின் ஆரையளவுக்குக் கவராயத்தைத் திறந்து பரிதியிலே வைத்துச் சென்றால், ஆறு அடிகளில் புறப்பட்ட இடத்துக்கே மீளும் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். அடுத்தடுத்த இரு துளைகளின் தூரமே அங்கு ஆரை. ஆறு துளை அமைப்பைப் பழைய தொழிலாளர் விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

சூத்திரம் சரியாயினும், அளவு சரியாயிருத்தல் வேண்டுமே. பெருக்கெண் பெரிதானால் அளவிலுள்ள பிழையும் அதே மடங்கு பெரிதாகும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். எட்டுத் துளைகளுள் அடுத்தடுத்த இரண்டை அளக்கும்போது அரை மில்லிமீற்றர் தவறினால், விட்டத்தில் 1.3 மில்லிமீற்றர் தவறு உண்டாகும். நேரெதிரான இரண்டை அளந்திருந்தால் அந்த அரை மில்லிமீற்றர் அரை மில்லிமீற்றராகவே நின்றிருக்கும். ஐந்து துளைகளிலும் இதற்கொரு பரிகாரம் உண்டு. அடுத்த துளையை விட்டு, ஒன்று தாண்டி அதற்கப்பாலுள்ள துளைக்கு அளத்தல் வேண்டும். அந்த நாணுக்குரிய பெருக்கெண் 1.0515 மட்டுமே. அடுத்த துளைக்கு அளந்தால் 0.85 மில்லிமீற்றராகப் பெருகும் பிழை, இங்கே 0.53 மில்லிமீற்றருடன் நின்றுவிடும். அளக்கக்கூடிய தூரங்களுள் மிக நீண்டதையே அளக்க வேண்டும் என்பது இத் தொழிலின் முதல் விதி.

உதாரணமாக, குடமொன்றிலே 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஐந்து ஆணிகள் நிற்கின்றன. ஒன்று தாண்டிய இரு ஆணிகளின் வெளிப்பக்கத்துக்கு வெளிப்பக்கம் 120.7 மில்லிமீற்றர். ஓர் ஆணியின் தடிப்பைக் கழிக்க 108.7. இதனை 1.0515 ஆற் பெருக்க 114.3. ஐந்து துளை, 114.3 மில்லிமீற்றர் விட்டம் என்பது யப்பானிய வாகனங்கள் பலவற்றிற் காணப்படும் அமைப்பாகும்.

இவ்வளவு எளிய கணக்கு இருந்தும், கணக்கைத் தவிர்க்க விரும்புவோர் ஒரு குறுக்குவழியைக் கைக்கொள்வதுண்டு. ஒரு துளையின் மையத்திலிருந்து ஒன்று தாண்டிய துளையின் வெளி விளிம்பு வரை அளவுநாடாவைப் பிடித்து, வந்த எண்ணே விட்டம் என்று கொள்வர். இதிலே ஓரளவு உண்மை கலந்திருப்பதனாலேயே இது நீடித்து வழங்குகின்றது. ஒன்று தாண்டிய நாண் விட்டத்திலும் சற்றுக் குறைவானது. துளையின் பாதியளவைக் கூட்டும்போது அந்தக் குறை ஏறக்குறைய நிரம்பிவிடுகின்றது. 114.3 மில்லிமீற்றர் வட்டத்தில் அந்தக் குறை 5.6 மில்லிமீற்றர். துளை 11 மில்லிமீற்றர் அளவினதாயின் குறுக்குவழி உண்மையையே சொல்லும். ஆனால் எல்லாத் துளைகளும் 11 மில்லிமீற்றர் அல்லவே.

ஐரோப்பிய வாகனங்கள் பலவற்றின் சில்லுகளில் ஐந்து துளைகள் 112 மில்லிமீற்றர் வட்டத்தில் அமைந்துள்ளன. அத்தகைய சில்லொன்றின் துளை 15 மில்லிமீற்றர் அளவினது என்று கொள்வோர் குறுக்குவழியைப் பிரயோகித்துப் பார்க்கட்டும். ஒன்று தாண்டிய நாண் 106.5 மில்லிமீற்றர், துளையிற் பாதி 7.5 மில்லிமீற்றர், மொத்தம் 114.0. நாடாவைப் பிடித்தவர் இதனை 114.3 என்றே தயங்காமற் சொல்லிவிடுவார். 112 மில்லிமீற்றர்ச் சில்லு 114.3 மில்லிமீற்றர்க் குடத்துக்கு உரியதாகத் தீர்ப்பளிக்கப்படுகின்றது.

அடுத்து நிகழ்வதே மிகவும் அபாயகரமானது. சில்லு மாட்ட மறுப்பதில்லை. விட்டத்தில் 2.3 மில்லிமீற்றர் வேறுபாடு என்றால், ஒவ்வோர் ஆணியும் தன் துளையின் மையத்திலிருந்து 1.15 மில்லிமீற்றர் மாத்திரமே விலகி நிற்கும். 15 மில்லிமீற்றர்த் துளையுள் 12 மில்லிமீற்றர் ஆணி செல்லும்போது சுற்றிலும் 1.5 மில்லிமீற்றர் இடைவெளி உண்டு. ஆதலால் ஐந்து ஆணிகளும் தடையின்றி நுழைந்துவிடும். நட்டும் புரியேறும். பொருந்திவிட்டது என்று கண் சொல்லும், கையும் சொல்லும். ஆனால் சில்லு நட்டின் அடிப்பாகம் பெரும்பாலும் கூம்பு வடிவினது. அது தன் கூம்புக் குழியினுட் சுற்றிவரப் படிந்தாலன்றிச் சரியாக இறுகாது. இங்கே ஆணி வெளிப்புறமாக விலகி நிற்பதால், கூம்பின் வெளிப்பக்கம் மாத்திரமே குழியைத் தொடுகின்றது. இறுக்குபவரின் பலம் சில்லை நெருக்குவதிற் செலவாகாமல், ஆணியை உள்நோக்கி வளைப்பதிற் செலவாகின்றது. இறுக்குமானி உரிய எண்ணைக் காட்டினாலும் உரிய பிடி உண்டாகாது. ஓட்டத்திலே ஒரு பக்கம் மட்டும் தொட்டு நிற்கும் இடம் தேய்ந்து நட்டுத் தளரும். ஒவ்வொரு சுழற்சியிலும் ஆணி ஒரு முறை வளைந்து நிமிரும். நெடுஞ்சாலையிலே வேகத்துடன் செல்லும் வண்டி, ஒரு நிமிடத்திற் பல நூறு சுழற்சிகளைச் செய்கின்றது. ஆணி களைத்து முறிவதற்கு நெடுங்காலம் வேண்டுவதில்லை.

பெரிய பிழை தன்னைத்தானே காட்டிக் கொடுக்கும். சிறிய பிழை ஒளிந்திருந்து கெடுக்கும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம். குழாய் வேலையை ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும். 100 மில்லிமீற்றர்க் குழாய்க்குரிய ஐரோப்பியப் பிளாஞ்ச், 16 பார் அழுத்த வகையில், 180 மில்லிமீற்றர் வட்டத்தில் எட்டுத் துளைகளை உடையது. அதே அளவான 4 அங்குலக் குழாய்க்குரிய அமெரிக்கப் பிளாஞ்ச், 150 ஆம் வகுப்பில், 190.5 மில்லிமீற்றர் வட்டத்தில் எட்டுத் துளைகளை உடையது. இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தவுடனேயே போல்ட்டு நுழையாது. தவறு அங்கேயே வெளிப்பட்டுவிடும். வேலை தாமதமாகுமேயன்றி உயிருக்கு ஆபத்து நேராது. ஒன்று இரண்டு மில்லிமீற்றர் வேறுபாடே அஞ்சத்தக்கது.

இத்தகைய அண்மையான எண்கள் ஏன் உண்டாயின என்ற ஐயம் எழலாம். 114.3 என்பது மில்லிமீற்றரிலே சிந்தித்த ஒருவர் தெரிந்தெடுத்த எண்ணன்று. 1959 ஆம் ஆண்டின் சர்வதேச உடன்பாட்டின்படி ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். 114.3 மில்லிமீற்றர் என்பது சரியாக நாலரை அங்குலம். 101.6 என்பது நான்கு அங்குலம்; 127 என்பது ஐந்து அங்குலம்; 139.7 என்பது ஐந்தரை அங்குலம். அங்குலத்தில் வேலை செய்த அமெரிக்கரும் பிரித்தானியரும் தெரிந்த முழு எண்களும் அரை எண்களும், மில்லிமீற்றர் உடை தரித்து இன்றும் உலவுகின்றன. மில்லிமீற்றரில் வேலை செய்தோர் 100, 112, 120 முதலிய எண்களைத் தெரிந்தனர். இரு மரபுகளும் அருகருகே வந்து நிற்கும் இடங்களிலேதான் மயக்கம் பிறக்கின்றது.

1948 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனர் வண்டி இதற்கு நல்ல சான்று. இலங்கைக்குப் பெருந்தொகையாக வந்து, இன்றும் இந்நாட்டு வீதிகளில் ஓடுகின்ற அவ்வண்டியின் சில்லிலே நான்கு துளைகள், நான்கு அங்குல வட்டத்தில், அதாவது 101.6 மில்லிமீற்றர் வட்டத்தில் அமைந்துள்ளன. பிற்காலத்துச் சிறிய யப்பானிய வண்டிகள் பலவற்றில் நான்கு துளைகள் 100 மில்லிமீற்றர் வட்டத்தில் நிற்கின்றன. வேறுபாடு 1.6 மில்லிமீற்றர், ஒவ்வோர் ஆணிக்கும் 0.8 மில்லிமீற்றர். அளவுநாடாவினால் இவற்றைப் பிரித்தறிதல் கடினம். வேணியர் இடுக்கியைக் கொண்டு, எதிரெதிரான துளைகளின் உள் அளவையும் வெளி அளவையும் எடுத்துப் பாதியாக்குபவருக்கு மாத்திரமே உண்மை புலப்படும்.

சில வேளைகளில் அளப்பதற்கு முழு வட்டமுமே கிடைப்பதில்லை. பழைய பம்பியின் பிளாஞ்ச் உடைந்து, அடுத்தடுத்த மூன்று துளைகளைக் கொண்ட துண்டு மாத்திரம் எஞ்சியிருக்கலாம். அத் துண்டே போதும். அடுத்தடுத்த இரு துளைகளின் மையத் தூரத்தையும், முதலாம் மூன்றாம் துளைகளின் மையத் தூரத்தையும் அளக்க வேண்டும். முன்னது 68.9 மில்லிமீற்றர், பின்னது 127.3 மில்லிமீற்றர் எனின், பின்னதை முன்னதின் இருமடங்கால் வகுக்க 0.924 வரும். எக் கோணத்தின் கோசைன் இது என்று அட்டவணையிற் பார்த்தால் 22.5 பாகை எனக் கிடைக்கும். 180 ஐ 22.5 ஆல் வகுத்தால் 8. ஆகவே உடைந்துபோன பிளாஞ்சில் எட்டுத் துளைகள் இருந்தன. எட்டுக்குரிய பெருக்கெண்ணாகிய 2.6131 ஆல் 68.9 ஐப் பெருக்க விட்டம் 180 மில்லிமீற்றர். அழிந்துபோன பகுதியையும் கணக்கு மீட்டுத் தந்துவிடுகின்றது.

அளப்பவருக்கு உள்ள கவலை இவ்வாறிருக்க, புதிதாகத் துளையிடுபவருக்கு உள்ள கவலை வேறு. ஐந்து துளைகளைக் குறிக்க விரும்பும் ஒருவர், வட்டத்தை வரைந்து, கவராயத்தை நாணின் அளவுக்குத் திறந்து, ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு அடியெடுத்து வைத்துச் செல்லலாம். கவராயம் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு கூடுதலாகத் திறந்திருந்தால், அச் சிறு பிழை நான்கு அடிகளிலும் சேர்ந்துகொண்டே போகும். இறுதியாக எஞ்சும் இடைவெளியில் அது முழுவதும் திரண்டு, அவ்விடைவெளி 0.4 மில்லிமீற்றர் குறைவாக நிற்கும். ஒவ்வொரு துளையையும் முன்னைய துளையிலிருந்து குறிப்பதன் குறைபாடு இது.

ஒவ்வொரு துளையையும் பொதுவான மையத்திலிருந்தே குறித்தால் பிழை சேர்வதில்லை. இதற்காக மையத்தினூடே ஒரு கிடைக்கோடும் ஒரு நிலைக்கோடும் வரைந்து, ஒவ்வொரு துளையும் அக் கோடுகளிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கின்றது என்பதைக் கணிப்பர். கிடைத் தூரம் என்பது ஆரையைக் கோணத்தின் கோசைனாற் பெருக்கிய தொகை; நிலைத் தூரம் என்பது ஆரையைக் கோணத்தின் சைனாற் பெருக்கிய தொகை. 114.3 மில்லிமீற்றர் வட்டத்தின் ஆரை 57.15. முதலாவது துளை உச்சியில் நின்றால் அதன் கிடைத் தூரம் 0, நிலைத் தூரம் 57.15. அதற்கடுத்த இரு துளைகளும் வலமும் இடமுமாக 54.35 விலகி, 17.66 மேலே நிற்கும். கீழுள்ள இரு துளைகளும் வலமும் இடமுமாக 33.59 விலகி, 46.24 கீழே நிற்கும்.

இக் கணக்கைத் துளையிடும் முன்னரே சோதித்துக்கொள்ள இரு வழிகள் உண்டு. வலப்பக்கத் தூரங்களும் இடப்பக்கத் தூரங்களும் சமமாயிருத்தல் வேண்டும். மேலுள்ள தூரங்களின் கூட்டுத்தொகை கீழுள்ளவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாயிருத்தல் வேண்டும். மேலே 57.15 உடன் இருமுறை 17.66 ஐக் கூட்ட 92.47, கீழே 46.24 இன் இருமடங்கு 92.48. கடைசித் தசமத் தானத்து வேறுபாடு எண்களைச் சுருக்கியதால் வந்தது. மற்றது, கீழுள்ள இரு துளைகளுக்கும் இடையேயுள்ள தூரம் 67.18, இது 114.3 ஐ 36 பாகையின் சைனாற் பெருக்கி வரும் நாணே. காகிதத்திலே காணப்படும் தவறு அழிப்பானோடு போய்விடும். உலோகத்திலே காணப்படும் தவறு உலோகத்தையே கொண்டுபோய்விடும்.

வட்டத்தைச் சம பங்குகளாகப் பிரிப்பதற்கென்றே டிவைடிங் ஹெட் என்னும் கருவியும் உண்டு. அதன் கைபிடியை 40 முறை சுழற்றினால் வேலைப்பொருள் ஒரு முறை சுழலும் வண்ணம் உள்ளே பற்சில்லு அமைந்திருக்கும். ஐந்து துளைகளுக்கு எட்டுச் சுற்று. எட்டுத் துளைகளுக்கு ஐந்து சுற்று. ஆறு துளைகளுக்கு ஆறு சுற்றும் மூன்றில் இரண்டு சுற்றும் வேண்டும். அந்த மூன்றில் இரண்டைப் பிசகாமல் அளந்து காட்டுவதற்குக் கருவியின் முகத்திலே ஒரு தட்டு உண்டு. அத் தட்டிலும் வட்டம் வட்டமாகத் துளைகளே அமைந்துள்ளன. கணினியால் ஆளப்படும் இக்காலத்து யந்திரங்களோ, மேலே சொன்ன கிடை நிலைத் தூரங்களைத் தாமே கணித்துத் துளையிடுகின்றன. ஆயினும் விட்டம் யாது, துளைகள் எத்தனை என்பதை மனிதரே சொல்ல வேண்டும். தவறான எண்ணைக் கொடுத்தால் யந்திரம் அத் தவறையே மிகத் துல்லியமாகச் செய்து முடிக்கும்.

எவ்வளவு கவனமாயிருப்பினும் எந்தத் துளையும் தன் இடத்தில் இம்மியும் பிசகாமல் அமைவதில்லை. அதனாலேயே துளையைப் போல்ட்டிலும் சற்றுப் பெரிதாக இடுகின்றனர். 10 மில்லிமீற்றர்ப் போல்ட்டுக்கு 11 மில்லிமீற்றர்த் துளை என்பது வழக்கம். இரு தட்டுகளிலும் இத்தகைய துளை இருந்தால், ஒவ்வொரு துளையும் தன் உண்மையான இடத்திலிருந்து அரை மில்லிமீற்றர் வரை விலகலாம். ஒன்று இடப்புறமும் மற்றது வலப்புறமும் அவ்வளவு விலகினாலும், நடுவே 10 மில்லிமீற்றர் வழி எஞ்சும். ஒரு தட்டிலே ஆணி நிலையாக நாட்டப்பட்டிருந்தால் இச் சலுகை பாதியாகும். ஒவ்வொன்றுக்கும் கால் மில்லிமீற்றரே உரியது.

விலகல் எத்திசையில் நேரிடினும் போல்ட்டுக்கு ஒன்றே. ஆனால் பழைய வரைபடங்கள் இச் சலுகையைக் கிடையாக இவ்வளவு, நிலையாக இவ்வளவு என்று தனித்தனியே கூறின. அவ்வாறு கூறும்போது அனுமதிக்கப்பட்ட இடம் ஒரு சதுரமாகிவிடுகின்றது. சதுரத்தின் மூலையில் நிற்கும் துளை ஏற்கப்படும். அதேயளவு தூரம் நேர்ப்பக்கமாக விலகிய துளை, பொருந்தக்கூடியதாயிருந்தும், தள்ளப்படும். ஸ்கொத்லாந்தின் அலெக்சாந்திரியா நகரிலிருந்த அரச டோர்ப்பிடோத் தொழிற்சாலையிற் பணியாற்றிய ஸ்ரான்லி பார்க்கர் என்பவர் துளையின் உண்மை இடம் என்னும் கருத்தை வகுத்தார் என்பர். 1940 ஆம் ஆண்டிலே இத்துறை பற்றிய நூலொன்றையும் வெளியிட்டார். இக் கருத்தின்படி அனுமதிக்கப்பட்ட இடம் உண்மையான புள்ளியைச் சுற்றிய வட்டமாகின்றது. சதுரத்தின் மூலைகளைத் தொட்டுச் சுற்றும் வட்டம் அச் சதுரத்திலும் 57 வீதம் கூடிய பரப்புடையது. வீணே தள்ளப்பட்டிருக்கும் பல பொருள்கள் இவ்வாறு பயன்பாட்டுக்கு மீள்கின்றன. இன்றைய பொறியியல் வரைபடங்களில் துளைகளின் இடத்தை வட்டமான எல்லையால் குறிப்பது உலகெங்கும் நிலைபெற்ற வழக்கமாகும்.

இவ்வாறு சலுகைக்கும் ஒரு கணக்கு உண்டு. துளையில் விடப்படும் இடைவெளி, துளையிட்டவரின் கைப்பிசகைப் பொறுத்துக்கொள்வதற்காக விடப்பட்டது. வேறொரு வட்டத்துக்குரிய சில்லை மாட்டுவதற்காக விடப்பட்டதன்று. முன்னர் கூறிய 112 மில்லிமீற்றர்ச் சில்லு 114.3 மில்லிமீற்றர்க் குடத்தினுள் நுழைந்தது, அந்தச் சலுகையைக் களவாடியே. போல்ட்டு நுழைதல் வேறு, பொருந்துதல் வேறு.

ஆகவே சில்லையோ பிளாஞ்சையோ வாங்கப் புறப்படுபவர் செய்ய வேண்டியவை சிலவே. துளைகளை எண்ண வேண்டும். அளக்கக்கூடிய மிக நீண்ட தூரத்தை வேணியர் இடுக்கியால் விளிம்புக்கு விளிம்பு அளந்து, மையத் தூரமாக மாற்ற வேண்டும். உரிய பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். வேறு இரு துளைகளிலும் அளந்து விடையை ஒப்பிட வேண்டும். வந்த எண்ணை வழக்கிலுள்ள எண்களோடு வைத்துப் பார்த்து, இரண்டுக்கு நடுவே மயங்குமாயின், உற்பத்தியாளரின் குறிப்பைக் கண்டு தெளியும் வரை ஆணியில் நட்டை ஏற்றாதிருத்தல் வேண்டும். இவற்றுக்குச் செலவாகும் நேரம் ஐந்து நிமிடம். வண்டியிற் செல்வோர் அந்தக் கணக்கைக் காண்பதில்லை; அதனைச் செய்தவர் எவர் என்பதையும் அறிவதில்லை. ஆனால் அவர்கள் வீடு வந்து சேர்வது, ஒவ்வொரு பயணத்திலும், அந்த ஐந்து நிமிடத்தை நம்பியே.